யார் வீட்டு ‘ஏங்க’

வாசக்கதவைத் தட்டாதீங்க டீச்சர், பூட்டியிருக்கு. இங்கன வாங்க, இந்த ஜன்னல் பக்கம். ஆமா, நாந்தான். உங்களுக்குக் கார்டு போட்டவன் நாந்தான்.

மருமக எமிலி பள்ளிக்கூட வேலைக்குப் போயிருக்கா. நாலு மணிக்கு வந்துருவா. அதுவரைக்கும் வாசலுக்கு ஒரு பூட்டு, இந்த ரூமுக்கு வெளியில ஒரு கொண்டி. பயந்துராதீங்க, நான் பைத்தியம் இல்ல. எண்பத்தாறு வயசு. கண்ணு தெரியுது, காது கேக்குது. ரெண்டு மட்டம் தேரிப் பக்கம் போயிட்டேன், அவ்வளவுதான். அந்தா தெரியுதுல்லா, செவப்பா, மண்ணு மேடு மேடா, அதான் தேரி. சும்மா காத்து வாங்கப் போனேன். ரெண்டு மட்டமும் ஒடைமரத்தடியில உக்காந்திருந்தேன்னு ஆளுங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. அதுலருந்து இந்த ஏற்பாடு. எமிலி மேல தப்பு சொல்ல மாட்டேன். நல்லதுக்குத்தான் செய்யுதா.

நீங்க அந்தத் துவைகல்லு மேல உக்காருங்க. முந்தானையைத் தலையில போட்டுக்கிடுங்க, ஆடிக் காத்து, மண்ணை வாரி அடிக்கும். பேரு சொன்னீங்க, காத்துல சரியா விழல. பரவாயில்ல, டீச்சர்னே கூப்பிடுதேன். பேரு எதுக்கு?

இப்ப விஷயத்துக்கு வாரேன். போன மாசம் ஒரு பத்திரிகையில எழுதியிருந்தீங்க. எமிலி வாசிச்சுக் காட்டினா. அம்பது வருஷத்துக்கு முன்னால இந்தப் பக்கத்துல ஒரு பொம்பளை அஞ்சு நாவல் எழுதினா, யாருக்கும் தெரியாமப் போச்சுன்னு. சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். ஆனா கடைசியில ஒரு வரி போட்டீங்க பாத்தீங்களா, ‘கணவரின் அடக்குமுறையால் எழுத்தை நிறுத்தினார் எனத் தெரிகிறது.’ யாருக்குத் தெரிகிறது? உங்களுக்கு யாரு சொன்னா? அந்தக் கணவர் உசுரோட இருக்கானா செத்தானான்னு ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா? அதுக்குத்தான் கார்டு போட்டேன். ஆறாவது புஸ்தகம் ஒண்ணு கையெழுத்துல இருக்குன்னும் எழுதினேன். அதை எழுதலைன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.

தாரேன். அவசரப்படாதீங்க. முதல்ல நான் சொல்லுததைக் கேட்டு எழுதிக்கிடுங்க. அந்த வரியைத் திருத்தணும். நான் இங்க மிஷன் அச்சாபீஸ்ல முப்பத்தாறு வருஷம் புரூப் பாத்தவன். தப்பா ஒரு வரி அச்சாயிட்டா எனக்குத் தூக்கம் வராது.

என் பேரு சமாதானம். எங்க பக்கம் வேதக்காரங்கள்ல, அதான் கிறிஸ்தவங்கள்ல, இந்தப் பேரு நிறைய உண்டு. அந்தக் காலத்துல புருஷன் பேரைப் பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புருஷன் பேரு கந்தன்னா கந்தன்னு சொல்லாம இருந்துக்கிடலாம், என்ன நட்டம்? ஆனா என் பேரைப் பாருங்க. ஒரு நாளைக்கு அது இல்லாம பேச முடியுமா? சண்டை போட்டவங்க சமாதானம் ஆகணும். அழுத பிள்ளையைச் சமாதானம் பண்ணணும். தப்பு செஞ்சவன் சமாதானம் சொல்லணும். கோயில்ல ஆராதனை முடிஞ்சா பாதிரி ஐயர் சமாதானத்தோட போங்கம்பாரு. இத்தனையும் அவ வாயில வராது. பாட்டுல அந்த வார்த்தை வந்தா டக்குன்னு வாயை மூடிக்கிடுவா, அடுத்த வார்த்தையில சேந்துக்கிடுவா. பக்கத்துல நிக்கிற பொம்பளைங்க சிரிப்பாங்க. எனக்கு ஆம்பளைங்க பக்கத்துலருந்து பாக்க அப்படி ஒரு பெருமை. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அப்படி ஒரு பெண்டாட்டி?

அவ கதை எழுதுதாங்கறது எனக்கு முதல்ல தெரியாது. ஆபீஸ்ல கழிச்சுப் போட்டதுன்னு நான் கொண்டு வந்த புரூப் தாளுங்களோட பின்பக்கத்துல எழுதி, அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தா. ஒரு நாள் பானையில கையை விட்டேன், தாளு வந்தது. எடுத்து வாசிச்சேன். வேற எவனா இருந்தாலும் அடுப்புல போட்டிருப்பான். நான் என்ன செஞ்சேன்? அச்சுக்குக் கொண்டு போனேன். என் கையால புரூப் பாத்தேன். ‘எப்சிபாள் அல்லது ஏழு வருஷ மௌனம்.’ இதை எழுதிக்கிடுங்க. அடக்குமுறை பண்ணுதவன் அச்சடிச்சுக் குடுப்பானா?

பேரு போடுத இடத்துலதான் ஒரு சின்னப் பேச்சு வந்தது. கட்டுன பொம்பளை பேரு கடை கடையா தொங்கப்படாதுன்னு நான் ‘மிஸஸ் சமாதானம் இயற்றியது’ன்னு அச்சுக் கோக்கச் சொல்லிட்டேன். தலைப்புத் தாளைக் கொண்டு வந்து காட்டினேன். வெகு நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. பொறவு, “நவமணின்னு போடக்கூடாதா?”ன்னா.

“ஏட்டி, நவமணின்னா யாருக்குத் தெரியும்? எந்த நவமணின்னு கேப்பான். சமாதானம்னா ஜில்லாவுக்கே தெரியும்”னேன்.

 ஒத்துக்கிட்டா. நீங்க பதில் கடுதாசியில திரும்ப அச்சுப் போடணும்னு கேட்டிருந்தீங்கள்ளா, அதுலயும் மிஸஸ் சமாதானம்னுதான் போடணும். இது என் கண்டிஷன். எழுதிக்கிட்டீங்களா?

சிரிக்காதீங்க, ஒரு வேடிக்கை சொல்லுதேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தாங்க. மெட்ராஸ்காரி. அவங்க கையில எப்சிபாள் இருந்தது. இந்த ஊர்லதான் இதை எழுதினவங்க இருக்காங்களாமேன்னு விசாரிச்சு நேரா வீட்டுக்கே வந்துட்டாங்க. நான் அச்சாபீஸ்ல இருக்கேன். இவ கதவைத் திறந்தா. “இதை எழுதினவங்க இந்த வீடா? அவங்க பேரு என்னம்மா?”ன்னு அந்தம்மா கேட்டிருக்காங்க. அட்டையில பேரு இருக்கு, அந்தம்மாவுக்கு அதே ஆளுதானான்னு உறுதி பண்ணிக்கிடணும். இவ எப்படிச் சொல்லுவா? சொன்னா புருஷன் பேரைச் சொன்ன மாதிரி. நவமணின்னு சொன்னா அட்டையில அது இல்ல. நிக்கா. வாயைத் திறக்கல. அந்தம்மா இவளை வீட்டு வேலைக்காரின்னு நினைச்சு, “எழுதினவங்க வந்தா நான் வந்தேன்னு சொல்லு”ன்னுட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் என்கிட்ட அப்படியே சொன்னா. “எழுதினவங்க வந்தா சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்”னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிச்சாளான்னு ஞாபகம் இல்ல. சிரிச்சிருப்பா.

அஞ்சு நாவல்லயும் ஒரு விசேஷம் இருக்கு, நீங்க படிச்சவங்க, கவனிச்சிருக்கணும். ஒரு இடத்துலயாவது யாராவது சமாதானம் ஆகுதாங்களா? ஆக மாட்டாங்க. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுதாங்க, அப்படியே இருக்காங்க. மாமியா மருமக பேச்சு நிக்குது, நின்ன மேனிக்குச் செத்துப் போறாங்க. மூணாவது நாவல் வந்தப்போ தூத்துக்குடிலருந்து ஒரு வக்கீல் கடுதாசி போட்டாரு, கடைசி அத்தியாயத்துல புருஷன் கால்ல விழுதப்பவாவது அன்னத்தாய் சமாதானம் ஆகியிருக்கலாமேன்னு. நான் இவகிட்ட காட்டினேன். “அந்த வார்த்தை எனக்கு வராதே, என்ன செய்ய?”ன்னா. பாருங்க! நாவலே மாறிப் போனாலும் சரி, என் பேரை எழுத மாட்டா. உங்க கட்டுரையில ‘சமரசமற்ற முடிவுகள்’னு என்னமோ எழுதியிருந்தீங்க. ஒண்ணும் இல்ல டீச்சர். மரியாதை. புருஷன் மேல உள்ள மரியாதை. அதையும் எழுதுங்க.

இந்த ரூம் அவளுக்காக நான் எடுத்துக் கட்டுனதுதான். முதல்ல இது விறகு போடுத சாய்ப்பு. எழுத உக்காந்தா பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வருதா, பிள்ளை வந்து மடியில விழுதுன்னு சொன்னா. “ஒரு கதவும் ஒரு கொண்டியும் இருந்தா போதும்”னா. வாயைத் திறந்து அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். நான் உடனே ஆசாரியைக் கூப்பிட்டேன். தேக்குல கதவு. ஆசாரி கேட்டான், கொண்டி உள்ள வைக்கவா, வெளிய வைக்கவான்னு. குடும்பப் பொம்பளை ஒரு ரூமுக்குள்ள போயி உள்ள கொண்டி போட்டுக்கிட்டா அது நல்லாவா இருக்கும்? வெளிய வையின்னேன்.

சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு நான் அச்சாபீஸ் திரும்பும்போது அவளை உள்ள விட்டு, கொண்டியைப் போட்டுட்டுப் போவேன். நாலு மணிக்கு வந்து திறப்பேன். ஒரு ஈ காக்கா அவளைத் தொந்தரவு பண்ண முடியாது. நாலு வருஷம் இப்படி. மூணு நாவல் இந்த ரூமுக்குள்ள எழுதினா. எந்தப் புருஷன் பண்ணுவான் டீச்சர்? முதல் நாள் மட்டும் கொண்டியைத் தொட்டுப் பாத்துட்டு, “உள்ள கேட்டேன்”னா. “எங்க இருந்தா என்னட்டி, கதவு சாத்தியிருந்தா சரிதானே”ன்னேன். சரிதானே?

அதே கொண்டிதான் இப்பவும். துரு பிடிக்கல பாருங்க. உங்களுக்கு அங்கனருந்து தெரியாது. எனக்கும் தெரியாது, நான் உள்ளல்லா இருக்கேன்.

மதுரை விஷயம் நீங்களே எழுதியிருந்தீங்க, ஆனா தப்பா. ‘மதுரைத் தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் பாராட்டப்பட்டார்’னு. பாராட்டுனது என்னை. சங்கம்னும் சொல்ல முடியாது, பத்திருபது வாசிக்கிறவங்க சேந்து நடத்துன கூட்டம். கடுதாசி, ‘நாவலாசிரியர் சமாதானம் அவர்களுக்கு’ன்னு வந்தது, மிஸஸ்னு போட்டதைப் புனைபேருன்னு நினைச்சுட்டாங்க போல. ரெண்டு பேரும் போறதாத்தான் பேச்சு. அவ பெட்டியில ரெண்டு சேலை எடுத்து வச்சிருந்தா. கிளம்புத அன்னைக்கு யோசிச்சுப் பாத்தேன். மேடையில ஏறினா பேரு கேப்பாங்க. இவ சொல்ல மாட்டா, முழிச்சுக்கிட்டு நிப்பா. அவளுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்? சேலையை எடுத்து வெளிய வச்சுட்டு என் வேட்டியை வச்சுக்கிட்டுப் போனேன்.

அங்க போனா, சமாதானம் யாருன்னு கேட்டாங்க. நாந்தான்னேன். பொய் இல்லையே? மாலையைப் போட்டுட்டாங்க. கை தட்டுதாங்க. கை தட்டுத நேரத்துல, இல்ல இல்ல, எழுதினவ வீட்ல இருக்கான்னு சொன்னா கூட்டத்துக்கு மரியாதையா? ஒருத்தர் எழுந்திரிச்சு, “பெண்கள் மனசு உங்களுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாத் தெரியுது?”ன்னாரு. “கூர்ந்து கவனிக்கணும்”னேன். அதுக்கும் கை தட்டுனாங்க.

சரிகைத் துண்டைக் கொண்டு வந்து அவகிட்டதான் குடுத்தேன். வாங்கி மடிச்சுப் பெட்டியில வச்சா. என்ன நடந்ததுன்னு கேட்டா, சொன்னேன். கவனிக்கணும்னு சொன்னதையும் சொன்னேன்.  அதுக்குப் பொறவும் ஒரு நாவல் எழுதினாள்ளா? அஞ்சாவது, அது பொறவுதான். அப்ப மதுரையால நின்னுச்சுன்னும் சொல்ல முடியாது.

நின்னது எதனாலன்னா...

இருங்க. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

எங்களுக்கு ரெண்டு பிள்ளை. மூத்தவன் எமிலி புருஷன், பம்பாயில இருக்கான். இளையது பொண்ணு. பியூலா. மூணு வயசு. உங்க கட்டுரையில அது இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும், கல்லறைத் தோட்டத்துல கல்லுகூட வைக்கல.

இதே மாதிரி ஆடி மாசம். இதே காத்து. தெருவுல எல்லா வீட்லயும் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருப்பாங்க, இல்லைன்னா சோத்துல மண்ணு. மூத்தவன் பள்ளிக்கூடத்துல. பியூலா முன்னறையில பாயில தூங்கிக்கிட்டிருந்தா. மதியம் ரெண்டு மணி நேரம் அசைய மாட்டா, அப்படி ஒரு தூக்கம். நான் வழக்கம் போல இவளை உள்ள விட்டு இந்தக் கொண்டியைப் போட்டேன். வாசக்கதவைச் சாத்துனேன். சாத்துனேன், கொண்டி போடல. நாலு வருஷப் பழக்கம், கை தானா இந்தக் கொண்டிக்குத்தான் போகும்.

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மறந்து வச்சுட்டுப் போயிட்டேன். பிள்ளை முழிச்சிருக்கா. கண்ணாடியைப் பாத்திருக்கா. அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாம அச்சாபீஸ்ல வேலை ஓடாதுன்னு அதுக்குத் தெரியும், மூணு வயசுலயே எல்லாம் தெரியும். எடுத்துக்கிட்டு என் பின்னால வந்துட்டா.

இவ இந்த ஜன்னல்ல நிக்கா. நீங்க உக்காந்திருக்கீங்கள்ளா, அந்தத் துவைகல்லைத் தாண்டி தெரு. நான் முன்னால போறேன், முப்பதடி இருக்கும். பிள்ளை பின்னால வருது. இவ பாத்துட்டா. கூப்பிட்டிருக்கா.

ஏங்கன்னு கூப்பிட்டிருக்கா.

காதுல விழுந்தது டீச்சர். நான் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மட்டம், மூணு மட்டம் விழுந்தது. காத்துக்கு நடுவுல, ஏங்க, ஏங்கன்னு. எங்க தெருவுல அப்ப பதினெட்டு வீடு. பதினெட்டு வீட்டுப் பொம்பளையும் புருஷனை ஏங்கன்னுதான் கூப்பிடுவா. யார் வீட்டு ஏங்கன்னு நான் எப்படிக் கண்டேன்? ஒவ்வொரு ஏங்கவுக்கும் திரும்பிப் பாத்தா ஊரு என்ன சொல்லும்? அடுத்தவன் பெண்டாட்டி கூப்பிட்டா இவன் எதுக்குத் திரும்புதான்னு கேக்க மாட்டாங்களா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு, துண்டைக் காதோட சேத்துக் கட்டிக்கிட்டு நடந்துட்டேன்.

தெருமுனையில நான் வலது பக்கம் திரும்பினேன், அச்சாபீசுக்கு. பிள்ளை நேராப் போயிருச்சு. நேராப் போனா தேரி.

அச்சாபீஸ்ல வேற ஒருத்தர் கண்ணாடியை வாங்கிப் போட்டு வேலையை ஓட்டிட்டு, நாலு மணிக்கு வந்து கொண்டியைத் திறந்தேன். இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கதவைத் திறந்ததுகூட தெரியாம வெளிய பாத்துக்கிட்டே நின்னா. குரல் போயிருச்சு. வாயை அசைக்கா, காத்து மட்டும் வருது. எனக்கு விளங்கவே வெகு நேரமாச்சு.

தேரி மண்ணு பொல்லாதது. ஆடியில மேடு இன்னைக்கு இங்க இருக்கும், நாளைக்கு அங்க இருக்கும். கால்தடம் நிக்காது. ஊரே தேடிச்சு. மறுநாள் காலையிலதான் கிடைச்சா, ஒடைமரத்தடியில. பாதி உடம்பு மண்ணுக்குள்ள. கண்ணாடிக் கூட்டை விடல. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்.

நான் அவளை ஒரு வார்த்தை திட்டல. அதை எழுதிக்கிடுங்க. மூணாம் நாளு மட்டும் கேட்டேன். “ஏட்டி, நீ கூப்பிட்டியா?”

தலையை ஆட்டுனா.

“எப்படிக் கூப்பிட்ட?”

“ஏங்கன்னு”ன்னா. தொண்டைக்குள்ளருந்து வந்தது.

“அதான், எனக்குக் கேட்டது. யார் வீட்டு ஏங்கன்னு தெரியலட்டி”ன்னேன்.

என்னைப் பாத்தா. அப்படி அவ என்னைப் பாத்தது இல்ல. ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் திரும்பியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடல. எப்படிப் பேச? என் பேரைச் சொல்லாதேன்னு நான் ஒரு நாளும் அவகிட்ட சொன்னது கிடையாது. அது எல்லாரும் இருந்த இருப்பு. என் மேல என்ன தப்பு? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க.

எழுதிக்கிட்டே இருக்கீங்க. சரி.

அன்னைக்கே இந்தக் கொண்டியைக் கழட்டிப் போடலாம்னு சுத்தியலை எடுத்தேன். வேண்டாம்னுட்டா. பத்து நாள் கழிச்சு, “ஒரு நோட்டு வாங்கிட்டு வாங்க. கட்டி நோட்டு, இருநூறு பக்கம்”னா. எனக்கு உசுரு வந்தது. எழுத ஆரம்பிச்சுட்டா, துக்கம் ஆறிரும்னு நினைச்சேன். மறுபடி ரெண்டு மணிக்கு உள்ள போனா. நான் கொண்டி போடல. உள்ளருந்து, “போட்டுட்டுப் போங்க”ன்னா. போட்டேன். நாப்பது நாளு எழுதினா. பேனா கீறுத சத்தம் தெருவுக்கே கேக்கும். முடிச்சு என் கையில குடுத்தா. “புரூப் பாருங்க”ன்னா. அவ்வளவுதான். அதுக்குப் பொறவு இருபத்தேழு வருஷம் இருந்தா, ஒரு கடுதாசிகூட எழுதல.

இந்தாங்க. அதான். நீங்க கேட்டு வந்த ஆறாவது புஸ்தகம். கம்பிக்கு நடுவுல படுக்கப் போட்டு நீட்டினா போகும், நான் எத்தனையோ மட்டம் வச்சு அளந்து பாத்திருக்கேன். பிடிங்க. மெதுவா. பிரிச்சுப் பாருங்க.

ஆமா.

அடுத்த பக்கமும் அதான். புரட்டுங்க. எல்லாம் அதான். சமாதானம். சமாதானம். சமாதானம். ஒரு வரிக்கு அஞ்சு. ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி. வேற ஒரு சொல்லு கிடையாது. நான் ஒவ்வொரு வரியா வாசிச்சேன் டீச்சர், புரூப் பாருங்கன்னு சொல்லிட்டாளே. நூத்திப் பதினாலாம் பக்கத்தைப் பாருங்க. ஒரு இடத்துல ‘சமாதனம்’னு இருக்கும், ஒரு துணைக்கால் விட்டுப் போச்சு. சிவப்பு மையில திருத்தியிருக்கேன் பாருங்க. அவ்வளவு பெரிய நோட்டுல அது ஒண்ணுதான் பிழை. அப்படிக் கை அவளுக்கு.

நீங்க என்ன வேணும்னாலும் நினைச்சுக்கிடுங்க. அடக்குமுறைன்னு எழுதினீங்களே, வெறுத்தவ இப்படி எழுதுவாளா? வாழ்நாள் முழுக்க வாயில வராத பேரை இருநூறு பக்கத்துக்கு எழுதியிருக்கா. ஆசை இல்லாமலா? நான் வருஷக்கணக்கா அப்படித்தான் நினைச்சேன். பெருமையாக்கூட இருந்தது. யாருக்கும் காட்டல, அவ்வளவுதான். எல்லாத்தையும் காட்டிக்கிட வேண்டியதில்லையே.

இந்தக் கொண்டி போட்ட பொறவு, இந்த மூணு மாசமா, ரெண்டு மணியிலருந்து நாலு மணிவரைக்கும் எனக்கு வேற வேலை கிடையாது. இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். தெருவுல போறவங்களைப் பாக்கேன். யாரையாவது கூப்பிடணும்னு இருக்கும். அப்ப ஒரு நாள் அந்த நோட்டை எடுத்து, மனசுக்குள்ள வாசிக்காம, சத்தமா வாசிச்சேன். இந்த ஜன்னல்ல நின்னு, வெளிய பாத்து, சத்தமா. அஞ்சு வரி வாசிச்சிருப்பேன். அது எழுத்து இல்ல டீச்சர். அது கூப்பிடுதது.

அதுக்குப் பொறவுதான் உங்களுக்குக் கார்டு போட்டேன்.

என்ன, கண்ணுல மண்ணு விழுந்துட்டா? சொன்னேன்லா, முந்தானையைப் போட்டுக்கிடுங்கன்னு. மூணே முக்காலுக்கு பஸ்ஸு, அதை விட்டா ஆறு மணிக்குத்தான். கிளம்புங்க. எமிலி வந்தா நோட்டைக் குடுக்க விட மாட்டா. வீட்டு விஷயம் வெளிய போகப்படாதும்பா. அவ சொல்லுததும் சரிதான். நீங்க எடுத்துட்டுப் போங்க.

என்ன கேட்டீங்க? நான் அவளை எப்படிக் கூப்பிடுவேன்னா? ஏட்டின்னுதான். சில சமயம் இந்தான்னு. பேரைச் சொல்லுததுக்கு எனக்கு என்ன தடை, ஒண்ணும் கிடையாது. ஆம்பளைக்கு ஏது தடை? சொல்லுத மாதிரி ஒரு சந்தர்ப்பம் வரல. பக்கத்துலயேதான இருந்தா.

சரி, நடங்க. அந்த வேலியோரமாப் போங்க, காத்து கொறவா இருக்கும். அந்த வரியை மட்டும் திருத்திப்போடுங்க. இல்ல, திருத்துனா என்னன்னு போடுவீங்க? சரி, உங்க இஷ்டம். போயிட்டு வாங்க.

போயிட்டா.

நவமணி.

நல்லாத்தான் இருக்கு சொல்ல. அச்சுல கோத்தாலும் நாலெழுத்துதான், ஒரே வரியில அடங்கிரும். நவமணி இயற்றியது. இதுக்கு என்ன கொறை?

டீச்சர்! இங்க பாருங்க, டீச்சர்! மிஸஸ் சமாதானம்னு போடாதீங்க! நவமணின்னு போடுங்க! கேக்குதா? டீச்சர்!

ஏங்க... ஏங்க!

திரும்ப மாட்டேங்கா. நோட்டை மார்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, முந்தானையைக் காதோட இழுத்துப் போட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறா. யாரையோ எவனோ கூப்பிடுதான்னு நினைச்சிருப்பா. பேரைச் சொன்னாளே! வந்த உடனே சொன்னாளே, இந்த ஜன்னல்ல நின்னு சொன்னாளே. என்ன பேரு சொன்னா?

ஏங்க! ஏங்க!